காணாமல் போன எல்லைக் கல்லைக் கணினியில் கண்டுபிடிப்பது: வெட்டுப்புள்ளி கணக்கிட முழுமையான வழிகாட்டி

நில அளவை மென்பொருளில் வெட்டுப்புள்ளி (தெரிந்த கற்களிலிருந்து போடும் வட்டங்களோ கோடுகளோ வெட்டும் இடம்) எடுப்பது இரண்டு நிமிட வேலை. இரண்டு வட்டம் போட்டால் புள்ளி வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் இடறுவது அந்த இரண்டு நிமிடத்தில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும்தான். தவறான அளவைக் கொடுத்தாலும் மென்பொருள் மூன்று தசம இலக்கத்தோடு ஒரு புள்ளியைத் தரும். அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள்.

எனவே இந்த வழிகாட்டியில் கட்டளைகளைவிட வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு தமிழ்நாட்டுப் புலம் ஒன்று. ஏ, பி, சி என்ற மூன்று வெளிக் கற்கள் நிலத்தில் இருக்கின்றன. மூன்று உட்பிரிவுகள் கூடும் நடுக் கல்லான டி-யைக் காணவில்லை. எண்கள் கைக்கணக்குக்கு எளிதாக இருக்கும்படி நான் அமைத்தவை. உங்கள் மென்பொருளில் இதே எண்களைப் போட்டு, இதே விடை வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கணினியைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, எஃப்எம்பி எனப்படும் புலப்படத்தின் தெளிவான நகல். புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் ஜி லைன்களும் எல்லைக் கோடுகளும் அவற்றின் நீளங்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்ட எண்ணை மட்டும் எடுங்கள். அச்சிட்ட தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிரிண்டர் தாளுக்கு ஏற்பப் படத்தைச் சுருக்கியிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, அந்த எண்களின் அலகு. பழைய படங்களில் லிங்க் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், ஒரு லிங்க் 0.201168 மீட்டர். மெட்ரிக் சங்கிலியின் லிங்க்கோ 20 செ.மீ. இரண்டையும் குழப்பி 315 லிங்கை 0.2 ஆல் பெருக்கினால் 63.00 மீட்டர் வரும், சரியான விடை 63.37. கல்லைத் தேடிக் குழி தோண்டும்போது 37 செ.மீ. என்பது சிறிய பிழை அல்ல.

மூன்றாவது, நிலத்தில் உறுதியாக இருக்கும் கற்கள் குறைந்தது மூன்று. இரண்டு கல் இருந்தாலே கணக்குப் போடலாம், ஆனால் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. மூன்றாவது கல் தெரியாதவரை கணினியில் உட்காருவதில் பயனில்லை. பக்கத்துப் புலத்தின் கல்லாக இருந்தாலும் தேடிப் பிடியுங்கள்.

நான்காவது பட்டாவில் உள்ள உட்பிரிவுப் பரப்பளவுகள். இவை கடைசியில் தேவைப்படும்.

சட்டப்படி எல்லையைக் குறிப்பது 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் கீழ் அரசு நில அளவரின் பணி. நீங்கள் கணக்கிடும் புள்ளி கல்லைத் தேட உதவும், பேச்சுவார்த்தைக்கு உதவும். தகராறு இருந்தால் அரசு அளவீட்டுக்கு விண்ணப்பிப்பதே வழி என்பதை நிலத்துக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2. வரைபடத்தின் அலகு, திசை, உயரம்

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் தன் இயல்பில் கோணத்தைக் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணும். நில அளவையில் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுகிறோம். யூனிட்ஸ் கட்டளையில் கிளாக்வைஸ் என்பதைத் தேர்ந்து, டைரக்‌ஷன் என்பதற்குள் போய் நார்த் என்று மாற்றுங்கள். மாற்றியதும் 10 டிகிரியில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு வடக்கை ஒட்டி, சற்றே கிழக்கே சாய்ந்து நிற்க வேண்டும். பலர் 45 டிகிரியில் சோதிக்கிறார்கள். இரண்டு முறையிலும் 45 ஒரே கோடுதான், அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது.

அடுத்தது கோணத்தை எழுதும் விதம். சில மென்பொருள்கள் 40.3015 என்று கொடுத்தால் 40 டிகிரி 30 நிமிடம் 15 விநாடி என்று படிக்கும். வேறு சில அதையே தசம டிகிரியாக எடுத்து 40 டிகிரி 18 நிமிடம் 5 விநாடி ஆக்கிவிடும். 90 மீட்டர் தள்ளிப் போனால் இந்த வித்தியாசம் சுமார் 32 செ.மீ. எந்த வகை என்று அமைப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

உயரம்தான் புதியவர்களை அதிக நேரம் அலைக்கழிக்கிறது. கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் எடுத்த புள்ளி ஒவ்வொன்றும் தன் உயரத்தோடு வரும். ஏ-யின் உயரம் 101.35, பி-யின் உயரம் 102.10 என்றால், அவற்றை மையமாக வைத்து ஆட்டோகேடில் போடும் வட்டங்கள் வெவ்வேறு மட்டத்தில் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் வெட்டுவது போலத் தெரியும், ஆனால் இன்டர்செக்‌ஷன் ஸ்நாப் (வெட்டும் புள்ளியில் கர்சரைத் தானாக ஒட்டவைக்கும் வசதி) அந்த இடத்தைப் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று கண்ணால் பார்த்துக் கிளிக் செய்கிறார்கள், கணக்கு அங்கேயே போய்விடுகிறது. ஓஸ்னாப்இசட் என்ற மாறியை 1 ஆக்கிவிட்டால் ஸ்நாப் செய்யும் எல்லாப் புள்ளியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். எல்லை வேலையில் உயரத்துக்கு இடமில்லை. உயரம் இல்லாத தட்டைப் படத்திலேயே வேலை செய்யுங்கள்.

3. களப் புள்ளிகளை ஏற்றுதல்

ஏற்றும் கோப்பில் வரிசை முக்கியம். ஒரு கருவி வடக்கை முதலில் எழுதும், இன்னொன்று கிழக்கை முதலில் எழுதும். வரிசை மாறினால் புலம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு விழும். தூரங்கள் ஒன்றுகூட மாறாது என்பதால் தூரத்தை வைத்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. ஏற்றியவுடன் புலப்படத்தைப் பக்கத்தில் வைத்து, கற்கள் வலஞ்சுழியாக அதே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள்.

கருவியில் சாய்வுத் தூரத்தைச் சேமித்திருக்கிறீர்களா, கிடைத் தூரத்தையா என்பதையும் உறுதிசெய்யுங்கள். 8 டிகிரி சரிவில் 63.4 மீட்டர் சாய்வுத் தூரம் கிடையில் 62.78 மீட்டர்தான். புலப்படத்து அளவுகளைக் கிடைத் தூரமாகவே கொள்ள வேண்டும்.

டிஜிபிஎஸ் என்ற துல்லியச் செயற்கைக்கோள் கருவி கொண்டு எடுத்த புள்ளிகளானால் இன்னொரு விஷயம் உண்டு. உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை யுடிஎம். தமிழ்நாடு இரண்டு யுடிஎம் மண்டலங்களில் கிடக்கிறது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே கோயம்புத்தூர், நீலகிரி எல்லாம் 43-வது மண்டலம். கிழக்கே மதுரை, சேலம், சென்னை எல்லாம் 44-வது மண்டலம். மண்டலத்தைத் தவறாகக் கொடுத்தால் புள்ளி எங்கோ போய்விடும், அது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது அளவுக் காரணி. மண்டலத்தின் நடுக்கோட்டில் 100 மீட்டர் தரைத் தூரம் யுடிஎம் கட்டத்தில் 99.96 மீட்டராகும். திண்டுக்கல், மதுரைபோல மண்டல ஓரத்தில் இருக்கும் ஊர்களில் அதே 100 மீட்டர் சுமார் 100.09 ஆகிவிடும். புலப்படத்துத் தூரத்தை அப்படியே யுடிஎம் புள்ளிமேல் வட்டமாகப் போட்டால் இந்த 9 செ.மீ. உள்ளே வந்துவிடும். ஒரு புலத்துக்கு உள்ளூர் ஆயத்தொலைவில், தரைத் தூரத்தில் வேலை செய்வதே நல்லது.

நம் எடுத்துக்காட்டின் களப் புள்ளிகள் இவை:

ஏ: கிழக்கு 1000.000, வடக்கு 1000.000
பி: கிழக்கு 1100.000, வடக்கு 1000.000
சி: கிழக்கு 1052.300, வடக்கு 1120.000

4. பதிவையும் களத்தையும் ஒப்பிடுதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் அவதிப்படுகிறார்கள். காணாமல் போன கல்லைத் தேடும் முன், இருக்கும் கற்கள் தம் இடத்தில்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

புலப்படத்தில் ஏ–பி 100.0, ஏ–சி 130.8, பி–சி 129.2 என்று இருக்கிறது. களப் புள்ளிகளிலிருந்து வருபவை 100.00, 130.90, 129.13. வித்தியாசம் 10 செ.மீ.க்குள். பதிவே ஒரு தசம இலக்கத்தோடு நிற்கிறது என்பதால் இதை ஏற்கலாம்.

அப்படி இல்லாமல் களத்தில் 100.24, 131.11, 129.51 என்று வந்திருந்தால்? மூன்று கோடுகளும் ஒரே விகிதத்தில், 1.0024 மடங்கு கூடியிருக்கின்றன. கற்கள் நகரவில்லை. அன்று அளந்த சங்கிலி சற்றே நீண்டிருந்திருக்க வேண்டும், அதனால்தான் பதிவில் குறைவான எண் விழுந்திருக்கிறது. அப்போது டி-க்கான தூரங்களையும் அதே விகிதத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: புலப்படத்தில் ஏ–டி 63.4 என்பது 63.55 ஆகும், பி–டி 71.2 என்பது 71.37 ஆகும்.

ஏ–பி, ஏ–சி இரண்டும் பிசகி, பி–சி மட்டும் பொருந்தினால் கதை வேறு. ஏ நகர்ந்திருக்கிறது. வரப்பு வெட்டும்போதோ உழும்போதோ பிடுங்கி மறுபடி நட்ட கல்லாக இருக்கலாம். அதை வைத்து எந்தக் கணக்கும் போடக் கூடாது, வேறு கல்லைத் தேட வேண்டும். விகிதத் திருத்தத்தை இங்கே போட்டால் நகர்ந்த கல்லின் பிழையை டி-யின் தலையில் கட்டிவிடுவோம்.

5. எந்த வகை வெட்டு என்று தீர்மானித்தல்

மென்பொருளில் பொதுவாக மூன்று வகை இருக்கும்: தூரம்–தூரம், திசை–திசை, திசை–தூரம். ஆட்டோகேடை அடிப்படையாகக் கொண்ட சிவில் 3டி-யில் கிரியேட் பாயின்ட்ஸ் பட்டையின் இன்டர்செக்‌ஷன் பகுதியில் மூன்றும் உண்டு. எது வசதி என்பதை வைத்துத் தேர்வு செய்யக் கூடாது. பதிவு உங்களுக்கு என்ன கொடுக்கிறதோ அதுவே வகையைத் தீர்மானிக்கிறது.

நம் ஊர்ப் புலப்படத்தில் திசைக்கோணம் எழுதப்பட்டிருப்பதில்லை, முக்கோணப் பக்கங்கள்தான் இருக்கும். ஆகவே பெரும்பாலும் தூரம்–தூரம். படத்தில் ஒரு புள்ளிக்கு ஜி லைன்மேல் இவ்வளவு தூரம், அங்கிருந்து செங்குத்தாக இவ்வளவு என்று இருந்தால் வட்டமே வேண்டாம். கோட்டின்மேல் அளந்து செங்குத்து எடுத்தால் போதும். அந்தச் செங்குத்து அளவைக் கல்லிலிருந்து கல்லுக்கான தூரம் என்று எண்ணி வட்டம் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எந்த முனையிலிருந்து தூரம் எண்ணப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

6. தூரம்–தூரம் வெட்டு

புலப்படத்தில் ஏ–டி 63.4, பி–டி 71.2, சி–டி 75.4. முதல் இரண்டைக் கணக்குக்கு எடுங்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள், அது சாட்சி.

ஏ-யை மையமாக வைத்து 63.4 ஆரத்தில் ஒரு வட்டம், பி-யை மையமாக வைத்து 71.2 ஆரத்தில் ஒரு வட்டம். மையத்தைப் புள்ளியைப் பிடிக்கும் நோட் ஸ்நாப் கொண்டு பிடியுங்கள், ஆரத்தைத் தட்டச்சு செய்யுங்கள். இரண்டு வட்டமும் இரண்டு இடத்தில் வெட்டும்:

கிழக்கு 1044.751, வடக்கு 1044.910
கிழக்கு 1044.751, வடக்கு 955.090

கைக்கணக்கில் பார்க்க வேண்டுமென்றால்: ஏ–பி கோட்டில் ஏ-யிலிருந்து அடிப்புள்ளியின் தூரம் (100² + 63.4² − 71.2²) ÷ 200 = 44.751. செங்குத்து உயரம், 63.4² இலிருந்து 44.751² ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 44.910.

இரண்டில் எது டி? ஏ-யில் நின்று பி-யைப் பார்த்தால் புலப்படத்தில் டி இடப்பக்கம் இருக்கிறது, ஆகவே வடக்கே உள்ளது. இந்தப் புலத்தில் இரண்டாவது புள்ளி புலத்துக்கு வெளியே விழுவதால் தவறு எளிதில் தெரியும். வட்ட மையங்களை இணைக்கும் அடித்தளக் கோடு புலத்தின் நடுவே ஓடும் ஜி லைனாக இருந்தால் இரண்டு புள்ளியும் உள்ளேயே விழும். அங்கே கண்ணை நம்பாமல் இடமா வலமா என்று படத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் கேட்காமலே ஒன்றைத் தேர்ந்துவிடும். அவற்றில் முதல் கல்லையும் இரண்டாம் கல்லையும் மாற்றிக் கொடுத்தாலே விடை மறுபக்கம் போய்விடக்கூடும்.

வெட்டுக் கோணத்தையும் பாருங்கள். இங்கே டி-யில் ஏ-க்கும் பி-க்கும் இடையே சுமார் 96 டிகிரி, செங்கோணத்துக்கு அருகில். நல்ல வெட்டு. கோணம் 30-க்குக் கீழே போனாலோ 150-க்கு மேலே போனாலோ வேறு ஜோடிக் கற்களைத் தேர்ந்தெடுங்கள்.

7. திசை–திசை வெட்டு

சாலை விரிவாக்கத்தில் மூலைக் கல் போய்விட்டது, ஆனால் அந்த மூலைக்கு வரும் இரண்டு எல்லைக் கோடுகளிலும் வேறு கற்கள் நிற்கின்றன என்றால் இந்த வகை உதவும். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு கல் பிடித்துத் திசை எடுத்து நீட்ட வேண்டும்.

சோதனை எண்: ஏ-யிலிருந்து 40 டிகிரி, பி-யிலிருந்து 330 டிகிரி. விடை கிழக்கு 1059.240, வடக்கு 1070.599, ஏ-யிலிருந்து 92.160 மீட்டர். வேறு விடை வந்தால் இரண்டாம் படியின் கோண அமைப்புக்குத் திரும்பிப் போங்கள்.

எச்சரிக்கை ஒன்றுதான், ஆனால் பெரியது. 12 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கற்களை வைத்து 60 மீட்டர் நீட்டினால், பின்னால் இருக்கும் கல்லில் 2 செ.மீ. பிசகு மூலையில் 10 செ.மீ. ஆகிவிடும். நீட்டும் தூரத்தைவிடக் கற்களுக்கு இடையிலான தூரம் பெரிதாக இருக்கும்படி தூரத்துக் கற்களையே பிடியுங்கள்.

8. திசை–தூரம் வெட்டு

புள்ளி ஒரு கோட்டின்மேல் இருப்பது தெரியும், வேறொரு கல்லிலிருந்து அதன் தூரமும் தெரியும். ஏ-யிலிருந்து 60 டிகிரியில் கோடு, பி-யை மையமாக வைத்து 60 மீட்டர் வட்டம். இதற்கும் இரண்டு விடை: கிழக்கு 1046.277, வடக்கு 1026.718 ஒன்று, கிழக்கு 1103.723, வடக்கு 1059.884 மற்றொன்று. ஏ-யிலிருந்து முதலாவது 53.44 மீட்டர், இரண்டாவது 119.77 மீட்டர். கோட்டில் எது முதலில் வருகிறது என்று படத்தில் பார்த்துத் தேர்வு செய்யலாம்.

மூன்று வகைகளில் அதிகம் ஏமாற்றக்கூடியது இதுதான். இந்தக் கோட்டுக்கும் பி-க்கும் செங்குத்துத் தூரம் சரியாக 50 மீட்டர். ஆரம் 49.9 என்றால் வெட்டே இல்லை, மென்பொருள் பிழை காட்டும். 50.1 என்றால் புள்ளி செங்குத்தின் அடியிலிருந்து 3.16 மீட்டர் தள்ளி விழும். 50.2 என்றால் 4.48 மீட்டர். ஆரத்தில் 10 செ.மீ. மாறினால் விடை 1.3 மீட்டர் ஓடுகிறது. வட்டம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் போகும் இடத்தில் வரும் விடையை வாங்காதீர்கள். வெட்டு கிடைக்கவில்லையே என்று ஆரத்தைச் சற்றே கூட்டி வெட்ட வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே கணக்கு நடக்கவில்லை, விடை உண்டாக்கப்படுகிறது.

9. சாட்சியை விசாரித்தல்

இப்போது ஒதுக்கி வைத்த சி–டி-யை எடுங்கள். கணக்கிட்ட டி-யிலிருந்து சி-க்குத் தூரம் 75.47. பதிவு 75.4. வித்தியாசம் 7 செ.மீ., நான்காம் படியில் பார்த்த வித்தியாசங்களின் அளவுக்குள்ளேயே இருக்கிறது. தவறான பக்கத்துப் புள்ளியை எடுத்திருந்தால் 165.08 என்று வந்திருக்கும்.

மூன்று வட்டமும் போட்டால் ஒரே புள்ளியில் கூடாது, சிறு முக்கோணம் உருவாகும். அது இயல்பு. முக்கோணம் சில செ.மீ. அளவில் இருந்தால் நடுவை எடுத்துக்கொள்ளலாம். அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று இருந்தால் நடுவை எடுக்காதீர்கள். ஒரு அளவு தவறு என்பதையே பெரிய முக்கோணம் சொல்கிறது. சராசரி எடுத்தால் தவறான அளவைச் சரியான இரண்டோடு கலந்துவிடுகிறோம். லிங்கா மீட்டரா, 6-ஐ 8 என்று படித்தோமா, நகர்ந்த கல்லா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பரப்பளவு இன்னொரு சாட்சி. கணக்கிட்ட டி-யை வைத்து மூன்று உட்பிரிவுகளையும் மூடினால்: ஏ–பி–டி 2245.5 சதுர மீட்டர், பி–சி–டி 2243.8, சி–ஏ–டி 1510.7. பட்டாவில் 0.22.5, 0.22.5, 0.15.0 ஹெக்டேர் (2250, 2250, 1500 சதுர மீட்டர்) என்று இருந்தால் பொருந்துகிறது. தூரம் மூன்றும் பொருந்திப் பரப்பு மட்டும் பொருந்தாவிட்டால் உட்பிரிவு எண்களை இடம் மாற்றிப் படித்திருக்கிறோமா என்று பாருங்கள்.

10. நிலத்துக்கு எடுத்துப் போதல்

டி-யின் ஆயத்தொலைவைக் கருவியில் ஏற்றி, ஏ-யில் நிலைநிறுத்தி, பி-யைப் பின்நோக்காக (திசையை உறுதிசெய்யும் தெரிந்த புள்ளியாக) வைத்துப் பூட்டுங்கள். டி-யைக் குறிக்கும் முன் சி-யைப் பார்த்து அதன் அளவு சரியாக வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். நிலைநிறுத்தலில் நேர்ந்த பிழை அங்கே தெரிந்துவிடும்.

குறித்த இடத்தில் உடனே புதிய அடையாளம் நடாதீர்கள். முதலில் தோண்டுங்கள். மேல்பாகம் உடைந்த கல்லின் அடிப்பாகம் மண்ணுக்குள் இருக்கக்கூடும். வண்டல் படிந்த நிலத்தில் முழுக் கல்லே புதைந்து கிடக்கலாம். பதிவின் துல்லியத்தைப் பார்த்தால் குறியைச் சுற்றி அரை மீட்டர் வரை தேடுவது நியாயம். கல் கிடைத்து, அது குலையாமல் நிற்கிறது என்று தெரிந்தால், கணக்கிட்ட புள்ளியிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருந்தாலும் கல்லே எல்லை. கணக்கை அதற்கு ஏற்பக் குறித்து வையுங்கள், கல்லை நகர்த்தாதீர்கள்.

குறிப்பில் எழுத வேண்டியவை: எந்தக் கற்களை வைத்துக் கணக்கிட்டீர்கள், எந்த வகை வெட்டு, பதிவுத் தூரம், விகிதத் திருத்தம் போட்டிருந்தால் அதன் எண், மூன்றாவது கல்லிலிருந்து வந்த வித்தியாசம், தோண்டியபோது என்ன கிடைத்தது. அரசு நில அளவர் வரும் நாளில் அவரிடம் புள்ளியை மட்டும் காட்டாமல் இந்தத் தாளையும் கொடுங்கள்.